எந்த அப்பா?

எங்கள் விமான நிலையத்தில் அவளைக் கைப்பிடி என்றுதான் கூப்பிடுவோம். தனியாகப் பறந்து வரும் பிள்ளைகளை விமானத்தின் வாசலிலிருந்து கையைப் பிடித்துக் கூட்டிவந்து, வெளியே காத்திருக்கும் உறவினரிடம் ஒப்படைப்பது அவள் வேலை. அதற்கு முன் பதினோரு வருடம் பஸ் கண்டக்டர். படியில் தொங்கியவர்களைச் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்தவள், இடுப்பைத் தொட்டவன் மூக்கை டிக்கெட் மிஷினால் உடைத்தவள். அந்த மூக்கால்தான் வேலை போனது. அதைப் பெருமையாகவும் சொல்லமாட்டாள், வருத்தமாகவும் சொல்லமாட்டாள். நேற்று மழை பெய்தது என்பதுபோலச் சொல்வாள்.

நான் வெளியேறும் வழியின் ஓரத்தில், காணாமல் போன பெட்டிகளைத் தேடித்தரும் கவுண்டரில் இருக்கிறேன். நாள் முழுக்கத் திட்டு வாங்குவதற்குத்தான் எனக்குச் சம்பளம். அதனால் மனுஷ ஜாதி மேல் எனக்குப் பெரிய மரியாதை கிடையாது. கைப்பிடி மேல் உண்டு.

விடுமுறை விட்டால் போதும், தாத்தா பாட்டி வீட்டுக்கென்று தினம் பத்துப் பிள்ளைகள் வந்து இறங்கும். ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு படிவம் தொங்கும். யாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். அடையாள அட்டையைச் சரிபார்த்து, கையெழுத்து வாங்கிய பிறகுதான் கைப்பிடி கையை விடுவாள்.

அன்று வந்தது எட்டு வயதுப் பெண் குழந்தை. விமானம் மூன்று மணி நேரம் தாமதம். வெளியே இரண்டு பேர் நின்றார்கள். ஒருவன் இஸ்திரி கலையாத சட்டைக்காரன், நாற்பது வயதுக்குள். இன்னொருவர் பெரியவர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்து மாட்டிக்கொண்டிருந்தார்.

இஸ்திரிச் சட்டைக்காரன் முந்திக்கொண்டு அட்டையை நீட்டினான். "நான்தான் அப்பா."

படிவத்தில் 'பெற்றுக்கொள்பவர்: தந்தை' என்றிருந்தது. பெயர் சரி, போன் நம்பர் சரி, எல்லாம் சரி.

பெரியவர் பதறிப்போய் வந்தார். "இல்லம்மா, நான் அவளோட தாத்தா. என் பொண்ணு என்கிட்டதான் அனுப்பியிருக்கா."

"உங்க பேரு இதுல இல்லீங்களே ஐயா."

கைப்பிடி அப்போதே ஒப்படைத்திருக்கலாம். ஆனால் குழந்தையின் நகம் தன் உள்ளங்கையில் இறங்கியதாகப் பிறகு சொன்னாள். வாயால் ஒரு சத்தம் இல்லை, நகம் மட்டும் இறங்கியது. அவள் படிவத்திலிருந்த தாயின் நம்பரை அழுத்தி, போனை எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தாள்.

"உங்க பொண்ணு இறங்கிட்டாம்மா. யார்கிட்ட குடுக்கணும்?"

"அப்பா வந்திருப்பாரே. அப்பாகிட்ட குடுத்துடுங்க."

அவன் சிரித்தான். "கேட்டுச்சுல்ல?" என்று கையை நீட்டினான். கொடுத்துத் தொலையேன், எனக்குப் பசிக்கிறது என்றுதான் நான் நினைத்தேன். உண்மையைச் சொல்வதற்கு என்ன.

கைப்பிடி போனை வாயருகே கொண்டுபோனாள். "எந்த அப்பாம்மா?"

"எந்த அப்பான்னா? எங்கப்பாதான். ஏங்க, வேற யாரு வந்திருக்கா?"

நடந்தது இதுதான். குழந்தையை ஏற்றிவிட்ட ஊர் கவுண்டரில் இருந்தவன், யார் வந்து கூட்டிப்போவார்கள் என்று கேட்டிருக்கிறான். அப்பா வருவார் என்று தாய் சொல்லியிருக்கிறாள். எந்தப் பெண்ணும் தன் அப்பாவை அப்பா என்றுதானே சொல்வாள்? கூட்ட நெரிசலில் அந்த மேதாவி 'தந்தை' என்று எழுதி, குழந்தையின் பிறப்புச் சான்றிதழைப் பார்த்துப் பெயரையும், பழைய பதிவிலிருந்து போன் நம்பரையும் தானே நிரப்பிவிட்டான். அவளும் அவசரத்தில் படிக்காமல் கையெழுத்துப் போட்டாள். 'உங்கள் குழந்தை புறப்பட்டுவிட்டது' என்ற செய்தி நேராக இந்த இஸ்திரிச் சட்டைக்காரனுக்குப் போனது. அவளுடைய தாடையை உடைத்தவன் அவன். ஒரு வருடமாக அவள் எங்கே ஒளிந்திருக்கிறாள் என்று தேடிக்கொண்டிருந்தவன். பிள்ளை கையில் கிடைத்தால் தாய் தானாக வருவாள் என்று காரை விரட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

தாயின் கேள்வி காதில் விழுந்ததுமே அவன் போனைத் தட்டிவிட்டான். அது தரையில் சிதறியது. குறுக்கே வந்த பெரியவரின் வாயில் ஒரு குத்து. விழுந்த கண்ணாடியை மிதித்துக்கொண்டு குழந்தையின் மறுகையைப் பிடித்து இழுத்தான். தோள் கழன்றுவிடும்போல இருந்தது. கைப்பிடி முழங்கையால் அவன் கழுத்தில் இடித்தாள். அவன் குழந்தையை விட்டுவிட்டு, அதைப் பற்றியிருந்த கைப்பிடியின் கையைப் பிடித்து விரலைப் பின்னால் வளைத்தான். அது ஒடிந்த சத்தம் என் கவுண்டர் வரை கேட்டது.

"விடுடி."

"விடமாட்டேன். இன்னும் எத்தனை விரல் இருக்குன்னு எண்ணிக்கோ."

இரண்டாவதையும் ஒடித்தான். அவள் குனிந்து அவன் மணிக்கட்டைக் கடித்தாள். ரத்தம் வந்த பிறகும் பல்லை எடுக்கவில்லை. அவன் முழங்காலால் அவள் முகத்தில் இடித்தான், மறுபடியும் இடித்தான். அப்போதுதான் எனக்குக் கால் வந்தது. உரிமையாளர் வந்து சேராத பெட்டிகளில் ஆகக் கனமானதைத் தூக்கி அவன் முதுகில் போட்டேன். விழுந்தவன் மேல் இன்னொன்றையும் போட்டேன். தேவையில்லைதான். நன்றாக இருந்தது. முதல் விரலுக்கே ஏன் போகவில்லை என்று இன்றுவரை என்னை நானே காறித் துப்பிக்கொள்கிறேன். காவலர்கள் வழக்கம்போல எல்லாம் முடிந்த பிறகு ஓடிவந்து அவனைக் கொண்டுபோனார்கள்.

மேனேஜர் என் போனில் தாயிடம் பேசிவிட்டுப் புதுப் படிவம் கொண்டுவந்தார். கைப்பிடி உதட்டு ரத்தத்தை விழுங்கிக்கொண்டு, உறவு என்ற இடத்தில் 'தாயின் தந்தை' என்று பெரியவரை எழுதவைத்தாள். தன் கையெழுத்தை இடது கையால் கிறுக்கினாள்.

"போம்மா, தாத்தாகிட்ட போ."

குழந்தை இரண்டடி நடந்து அவர் முன்னால் நின்றது. அதன் கன்னத்தில் யாருடைய ரத்தமோ ஒரு துளி தெறித்திருந்தது. அதைத் துடைக்கப் பெரியவர் கையைத் தூக்கினார்.

குழந்தை சட்டென்று குனிந்து இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டது. "நான் ஒண்ணும் பண்ணல தாத்தா. இனிமே பண்ண மாட்டேன்."

தூக்கிய கையை என்ன செய்வதென்று பெரியவருக்குத் தெரியவில்லை. மெதுவாக முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார், இன்னொரு கையையும் கொண்டுபோனார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு விரல் ஒடிந்தும் கண் கலங்காத கைப்பிடி, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதாள். குழந்தை தலையிலிருந்து கையை எடுக்கும்வரை நாங்கள் யாரும் அசையவில்லை. அதற்கு வெகுநேரம் ஆனது.