காதை அடைத்துக்கொண்டு வந்த மேரி மிஸ்ஸி

கடையில் ஒரு பழைய மோட்டார் சைக்கிளின் சட்டத்தில் ஏறியிருந்த துருவைக் கிரைண்டரால் உரசிக்கொண்டிருந்தேன். தோளில் ஒரு கை பட்டது. திரும்பினால் என் மனைவி செல்வி. அவள் உதடு அசைந்தது, ஒன்றும் கேட்கவில்லை. என் இரண்டு காதிலும் அடைப்பான் இருந்தது. அவளே கையை நீட்டி வலது காதில் இருந்ததை உருவி எடுத்தாள். பிறகுதான் சொன்னாள்.

"மேரி மிஸ்ஸி போயிட்டாங்களாம். அவங்க மகன் போன் பண்ணாரு. காலையில எழுப்பப் போனா எந்திரிக்கலையாம்."

என் காதில் அந்த அடைப்பானை முதன்முதலில் வைத்துவிட்டவரே மேரி மிஸ்ஸிதான். அவர் போன செய்தி என் காதுக்குள் நுழைய அதையே எடுக்க வேண்டியிருந்தது. இதை அவரிடம் சொல்ல முடிந்திருந்தால் வயிறு குலுங்கச் சிரித்திருப்பார். அதை நினைத்ததும் அழுகைக்கு நடுவே எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கடையைச் சாத்திவிட்டுக் கிளம்பினோம்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். முழுப்பெயர் ஆரோக்கியமேரி. எங்கள் பக்கத்தில் தாதியரை மிஸ்ஸி என்றுதான் அழைப்போம். ஈஜோக் சுற்றுவட்டாரத்துத் தோட்டங்களிலும் மலாய்க் கிராமங்களான கம்பங்களிலும் கர்ப்பிணிகளை வீடு தேடிப் போய்ப் பார்த்துவந்த அரசாங்கத் தாதி அவர். மழையோ வெயிலோ மோட்டாரில்தான் வருவார். காற்று நெஞ்சில் அடிக்காமல் இருக்க இந்த ஊரில் எல்லோரும் செய்வதுபோல ஜாக்கெட்டை முன்பின்னாகத் திருப்பி மாட்டியிருப்பார். கைப்பையில் மரத்தில் கடைந்த சிறிய குழல் ஒன்று இருக்கும். அதன் அகன்ற வாயைத் தாயின் வயிற்றில் பொருத்தி, மறுமுனையில் தன் காதை வைத்துக் குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்பார். கிளினிக்கில் அதற்கு மின்கருவி உண்டு. ஆனாலும் வீடுகளுக்குப் போகும்போது தன் குழலைத்தான் அவர் நம்பினார். துடிப்பு கிடைத்ததும் கண்ணை மூடியபடியே "கேக்குது" என்பார். அந்த ஒரு சொல்லைக் கேட்டுவிட்டால் வீட்டில் இருப்பவர்களுக்குப் போன உயிர் திரும்பி வரும்.

நான் அவரை முதலில் பார்த்தது டயர் பஞ்சராகி அவர் மோட்டாரைத் தள்ளிக்கொண்டு வந்த நாளில். நான் அப்போதுதான் சொந்தமாக மோட்டார் கடை வைத்திருந்தேன்.

"தம்பி, அவசரப்படாம நல்லா ஒட்டுங்க. ஆனா சீக்கிரம் ஒட்டுங்க" என்றார்.

"ரெண்டுல எது வேணும் மிஸ்ஸி?"

"ரெண்டும் வேணும் லா. அங்க ஒரு பிள்ளை வெளிய வரத் துடிச்சிட்டு இருக்கு. உங்க டயரைக் கேட்டுட்டா வரும்?"

அன்றிலிருந்து அவர் மோட்டாருக்கு நான்தான் வைத்தியர். எங்கள் வீட்டுக்கு அவர் வைத்தியர். செல்வி முதல் குழந்தையைச் சுமந்தபோது அவர்தான் வந்து பார்த்தார். அப்போது நாங்கள் தோட்டத் தொழிலாளர்களுக்கான லயத்து வரிசை வீட்டில்தான் குடியிருந்தோம்.

ஒரு நாள் தஞ்சோங் காராங்கில் ஏதோ கூட்டம் முடிந்து, பின்னால் மழை துரத்த, வேகமாக ஓட்டிக்கொண்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். செல்வியைப் படுக்கவைத்துக் குழலைப் பொருத்திக் காதை வைத்தார். குழலைச் சற்று நகர்த்தினார். மறுபடியும் நகர்த்தினார். மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். எதிர் வீட்டுத் தொலைக்காட்சியை நிறுத்தச் சொல்லி என்னை அனுப்பினார். நான் திரும்பி வந்தபோதும் "கேக்குது" வரவில்லை. அவர் முகம் வெளுத்திருந்தது. செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடி இன்னும் என் மணிக்கட்டில் இருக்கிறது.

மிஸ்ஸி ஆஸ்பத்திரி வண்டிக்குப் போன் போடச் சொன்னார். போட்டேன். பிறகு என்னைப் பார்த்து, "தம்பி, ஏதாவது பேசுங்க" என்றார்.

"என்ன மிஸ்ஸி பேச?"

"எதையாவது பேசுங்க. உங்க குரலு கிணத்துக்குள்ளருந்து வர மாதிரி இருக்கு. என் காதுல ஒரே இரைச்சல். எனக்குத்தான் காது கேக்கலையோ?"

நானும் குழலில் காதை வைத்துப் பார்த்தேன். காலையிலிருந்து கிரைண்டர் பிடித்த காது அது. எனக்கும் ஒன்றும் பிடிபடவில்லை. மழை காரணமாக வண்டி தாமதமானது. மிஸ்ஸி தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு தரையில் அப்படியே உட்கார்ந்திருந்தார். உதடு மட்டும் ஜெபத்தில் அசைந்தது. மழை விட்டு வெளியே அமைதியான பிறகு எழுந்துவந்து மறுபடியும் காதை வைத்தார். நெடுநேரம் அசையவில்லை. பிறகு கண்ணை மூடியபடி, "கேக்குது" என்றார். சொல்லிவிட்டு அவர்தான் முதலில் அழுதார்.

வந்த வண்டியைத் திருப்பி அனுப்பவில்லை. செல்வியை அதிலேயே ஏற்றிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியிலும் காட்டிய பிறகுதான் ஓய்ந்தார். குழந்தைக்கு ஒரு குறையும் இல்லை. உரிய காலத்தில் எங்கள் மகள் துளசி நல்லபடியாகப் பிறந்தாள்.

ஆனால் மிஸ்ஸி அந்த நாளை விடவில்லை. கிள்ளானில் ஒரு காது மருத்துவரைப் போய்ப் பார்த்தார். திரும்பி வந்து என் கடையில் நின்றுகொண்டு விளக்கினார்.

"காதுக்குள்ள புல்லு மாதிரி மெல்லிசா மயிரு இருக்காம் தம்பி. இரைச்சல் அதை மிதிச்சிட்டுப் போகுது. மிதிபட்ட புல்லு கொஞ்ச நேரத்துல நிமிர்ந்துக்கும். தினமும் மிதிச்சா அப்புறம் நிமிராது, அந்த இடம் பாதையாப் போயிடும். என் காது பாதையாப் போனா பிள்ளைங்க துடிப்பை யாரு கேக்குறது?"

"மோட்டார் சத்தம்தானே மிஸ்ஸி? நல்ல சைலன்சரா மாத்தித் தரேன்" என்றேன் நான், தொழில் தெரிந்தவன் என்ற திமிரில்.

"உங்க இன்ஜின் பாவம், அது ஒண்ணும் பண்ணல. ஹெல்மெட்டைச் சுத்தி அடிக்குது பாருங்க காத்து, அதுதான் ஆளைக் கொல்லுது."

நான் நம்பவில்லை. அன்றைக்கே கோலசிலாங்கூர் போகும் நேர்பாதையில் நன்றாக முறுக்கிவிட்டு, சட்டென்று முறுக்கை விட்டுப் பார்த்தேன். இன்ஜின் அடங்கியது. காதில் இருந்த இரைச்சல் அப்படியே இருந்தது. இத்தனை காலம் மோட்டாரோடு குடும்பம் நடத்தியும் இது எனக்குத் தெரியாமல் போனதே என்று வியப்பாக இருந்தது.

அதன்பிறகு அவர் காதில் ஆரஞ்சு நிற நுரை அடைப்பான்கள் ஏறின. இரண்டையும் இணைக்கும் கயிறு கழுத்தைச் சுற்றித் தொங்கும். பிரச்சினை அங்கேதான் ஆரம்பித்தது. எங்கள் ஜனங்கள் அதைச் செவிட்டு மெஷின் என்று முடிவுகட்டிவிட்டார்கள். யாரைக் கேட்டாலும், "பாவம், மிஸ்ஸிக்குக் காது போச்சாம்" என்றார்கள். அவர் வந்து இறங்கியதும் லயமே கத்திப் பேச ஆரம்பித்தது. ஒரு பெண் தன் மூலவியாதியின் முழு வரலாற்றையும் ஊர் கேட்க முழங்கினாள். மிஸ்ஸி பொறுமையாகக் கயிற்றைக் காட்டி, "கழட்டியாச்சு ஆத்தா, நல்லாவே கேக்குது. மெதுவாச் சொல்லுங்க, வேலை வாங்குற மண்டோருக்கெல்லாம் தெரிய வேணாம்" என்றார்.

சிரிக்கும்படியான கதைதான். ஆனால் அவருக்கு அது விளையாட்டாக இல்லை. "செவிட்டு மிஸ்ஸி எப்படித் துடிப்பைக் கேப்பாங்க?" என்று சில வீடுகளில் தயங்கினார்கள். காதைக் காப்பாற்றப் போய், அந்தக் காதின் மேல் இருந்த நம்பிக்கையை இழந்துவிடுவோமோ என்று என்னிடமே ஒரு முறை வருந்தினார். "கழட்டிப் போட்டுடலாமான்னு இருக்கு தம்பி" என்றும் சொன்னார்.

அதை முடித்துவைத்தது கிளினிக் வரிசை. அன்று செல்வி துளசிக்கு ஊசி போடக் கொண்டுபோயிருந்தாள். வரிசையின் கடைசியில் இருந்த இரண்டு பெண்கள் காதோடு காதாக, ஏதோ விசேஷத்துக்காக மிஸ்ஸி அன்று கட்டியிருந்த புடவை நிறம் அவருக்கு எடுப்பாக இல்லை என்று பேசிக்கொண்டார்களாம். உள்ளே எடை பார்த்துக்கொண்டிருந்த மிஸ்ஸி தலையைக் கூட நிமிர்த்தாமல், "எனக்கும் பிடிக்கலதாம்மா. மருமக எடுத்துக் கொடுத்தது, கட்டலைன்னா கோவிச்சுக்கும்" என்றார். வரிசை முழுக்கச் சிரிப்பு. அன்றோடு செவிட்டு மெஷின் பேச்சு ஓய்ந்தது. பதிலுக்கு வேறு பயம் பிடித்துக்கொண்டது. மிஸ்ஸி இருக்கும் பக்கம் யாரும் புறணி பேசுவதில்லை.

என் பங்குக்கு நானும் அவரைச் சும்மா விடவில்லை. "பின்னால லோரி வந்து ஹார்ன் அடிச்சா எப்படிக் கேக்கும் மிஸ்ஸி?" என்று வம்பிழுத்தேன். புக்கிட் பெலிம்பிங் போகும் வழியில் ஒரு நாள் அவருக்குப் பின்னால் போய் ஹார்னை அழுத்தினேன். ஓரமாக நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். "அவ்வளவு அவசரம்னா முன்னால போங்களேன் தம்பி. எதுக்கு ஊரைக் கூட்டுறீங்க?" என்றார். ஹார்ன், ஆம்புலன்ஸ், நாய் குரைப்பு எல்லாம் கேட்கும், இரைச்சல்தான் குறையும் என்று அப்போது புரிந்தது.

இன்னொரு நாள் சாலைத் தடுப்பில் ஒரு மலாய்க்காரப் போலீஸ்காரர் கயிற்றைப் பார்த்துவிட்டு, என்ன பாட்டுக் கேட்கிறீர்கள் அக்கா என்று மலாயில் கேட்டிருக்கிறார். மிஸ்ஸி அடைப்பானைக் கழற்றி அவர் கையில் வைத்து, "லாகு ஆங்கின்" என்றாராம். காற்றுப் பாட்டு. அவர் சிரித்துவிட்டு, தான் நாள் முழுக்க மோட்டாரில் சுற்றுவதாகவும் இரவில் காதில் வண்டு கத்துவதாகவும் சொல்லியிருக்கிறார். மிஸ்ஸி பையிலிருந்து புதிதாக ஒரு ஜோடியை எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தார்.

என்னை அவர் மடக்கியது கடைசியில்தான். நான் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு கிரைண்டர் பிடிப்பதைப் பார்த்துவிட்டார். "பஞ்சு சத்தத்தை நிறுத்தாது, உங்க மனசைத்தான் சமாதானப்படுத்தும்" என்று திட்டினார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவரச் சொன்னார். கிரீஸ் போகவில்லை என்று மறுபடியும் அனுப்பினார். பிறகு அடைப்பானை விரலால் மெல்லியதாக உருட்டி, என் காதை மேல்நோக்கி இழுத்து, உள்ளே செலுத்தி, அது விரியும்வரை விரலை எடுக்காமல் நின்றார். வாத்தியாரிடம் காதைக் கொடுத்த பையன் மாதிரி நான் நின்றேன். கடையில் இருந்தவர்கள் அதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு மெல்ல மெல்லத் தூரமாய்ப் போனது. அன்றிலிருந்து கடையிலும் சாலையிலும் நான் அது இல்லாமல் இருந்ததில்லை. என்னிடம் எக்ஸோஸ் குழாய் மாற்ற வரும் இளைஞர்களுக்கும் பழக்கிவிட்டேன். சத்தம் வேண்டும் என்று கேட்டு வருகிறவர்களே அதை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டு போவதுதான் வேடிக்கை.

வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகும் அவர் மோட்டாரை விடவில்லை. துளசி வளைகாப்பு முடிந்து எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறாள் என்று தெரிந்ததும் பார்க்க வந்துவிட்டார். நான் கடையில் இருந்தேன். குழலை வைத்துக் கேட்டுவிட்டு, "உன்னைக் கேக்கத்தாண்டி நான் அன்னைக்கு அழுதேன்" என்று துளசியின் கன்னத்தைக் கிள்ளினாராம். போகும்போது குழலை வீட்டிலேயே விட்டுவிட்டார்.

"அடுத்த வாரம் வருவேன், இது இங்கயே இருக்கட்டும். உங்கப்பாவைக் கேக்கச் சொல்லு. கடை சாத்திட்டு வந்த உடனே வேணாம், காலையில கேக்கச் சொல்லு. தூங்கி எந்திரிச்ச காதுதான் நல்ல காது."

நான் கேட்கவில்லை. வெட்கம் என்று வீட்டில் சொல்லிக்கொண்டேன். உண்மையில் அது பயம். மகளின் துடிப்பைக் கேட்கக் காதை வைத்து ஒன்றும் கேட்காமல் எழுந்தவன் நான். பேரப்பிள்ளையின் துடிப்பும் கேட்காவிட்டால், என் காது பாதையாகிவிட்டது என்று ஆகிவிடும். அதைத் தெரிந்துகொள்ளாமலே இருந்துவிடலாம் என்று நாளைக் கடத்தினேன். அடுத்த வாரம் வருவதற்குள் மிஸ்ஸி போய்விட்டார்.

அடக்கத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் மோட்டாரில் வந்திருந்தார்கள். மாதா கோவில் வாசலில் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு எல்லோரும் ஒரே மாதிரி கையைக் காதுக்குக் கொண்டுபோனார்கள். ஆரஞ்சு, மஞ்சள், பச்சை என்று கழுத்துக் கழுத்தாகக் கயிறு தொங்கியது. சாமியார் அதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். மிஸ்ஸியின் மகன்தான், "எல்லாம் அம்மா வேலை ஃபாதர்" என்றார். அந்தச் சோகத்திலும் எல்லோருக்கும் சிரிப்பு வந்தது.

மறுநாள் காலை எழுந்ததும் நேராகத் துளசியிடம் போனேன். செல்வி மின்விசிறியை நிறுத்தினாள். துளசி மிஸ்ஸி காட்டிக்கொடுத்த இடத்தில் தானே குழலைப் பொருத்திப் பிடித்து, "வாங்கப்பா" என்றாள். குனிந்து காதை வைத்தேன். முதலில் ஒன்றுமில்லை. செல்வி என் மணிக்கட்டைப் பிடித்தாள், அன்றைக்குப் பிடித்த அதே இடத்தில். மூச்சை அடக்கிக்கொண்டேன்.

தூரத்தில் யாரோ நன்றாக டியூன் செய்த ஒரு சின்ன மோட்டாரைக் கிளப்பி, இன்ஜினை அணைக்காமல் நிறுத்தியிருப்பதுபோல இருந்தது. விடாமல், சீராக, கிளம்புவதற்கு அவசரப்படுகிற மாதிரி அது ஓடிக்கொண்டிருந்தது.

போய் வாருங்கள் மிஸ்ஸி. அந்தப் பக்கம் இரைச்சல் இருக்காது என்று நினைக்கிறேன். இருந்தால் உங்கள் பையில் ஒரு ஜோடி இருக்கும். நீங்கள் வந்து சொல்ல வேண்டியதை இந்த ஒரு தடவை நானே சொல்லிவிட்டேன், கண்ணை மூடிக்கொண்டு, உங்களைப் போலவே.

கேக்குது மிஸ்ஸி.