அவல் விற்காத அவல்கர்

"வம்சாவளி தேடித் தருவது என் தொழில்" என்று சொன்னால், பாதிப் பேர் உள்ளங்கையை நீட்டிவிடுகிறார்கள். மீதிப் பேர், "இதுக்குக்கூடவா ஆள் வைப்பாங்க? ஃபோன்ல தட்டினா வருமே" என்கிறார்கள். நான் புனேயில் வரலாறு முதுகலை படிக்கிறேன். படிப்போடு இந்தத் தொழிலும் செய்கிறேன். பழைய பதிவேடுகளையும் பத்திரங்களையும் படித்து, உங்கள் முன்னோர் யார், எங்கிருந்து வந்தார்கள் என்று ஆதாரத்தோடு எழுதித் தருவேன். கஷ்டப்பட்டுக் கற்ற வேலையைப் பார்த்து "இது என்ன பெரிய வித்தை" என்று யாரோ கேட்க, பல்லைக் கடித்துக்கொண்டு நின்ற அன்பர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

நாலு ரப்பர் பேண்ட்

தேவி, புனேயை ஒட்டிய நிக்டியிலிருந்து வந்தார். இடுப்பில் மூன்று வயது மகன் கவின். தோளுக்குக் கீழே தொங்கிய முடியை நாலு ரப்பர் பேண்ட் போட்டு அடக்கியிருந்தார்கள். பஸ்ஸில் எல்லாரும் "முல்கி கிதி கோட்!" என்று கன்னத்தைக் கிள்ளுகிறார்களாம், பெண் குழந்தை என்று நினைத்து.

முதல் மொட்டை குலதெய்வக் கோயிலில்தான் போட வேண்டும். ஆனால் எந்தச் சாமி, எந்த ஊர் என்று யாருக்கும் தெரியாது. கணவர் சதீஷின் கொள்ளுத்தாத்தா பெருமாள், தமிழ்நாட்டிலிருந்து புனேயின் கட்கி பகுதிக்குக் கட்டட வேலைக்கு வந்தவர். வீட்டில் தெரிந்தது அவ்வளவுதான். சொல்லியிருக்கக்கூடிய மாமனாரும் இல்லை. ஜூனில் கவினுக்குப் பால்வாடி. அதற்குள் கோயில் தெரியாவிட்டால் ஏதாவதொரு கோயிலில் முடி இறக்கிவிடலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். தேவிக்கு மனசு ஒப்பவில்லை. குடும்பத்து ஜாதகம் மொத்தத்தையும் பையோடு என் மேஜையில் கவிழ்த்தார். அது வேண்டாம், பேரும் பழைய காகிதமும் போதும் என்றேன்.

"ஜாதகம் பார்க்காம சாமியை எப்படிங்க கண்டுபிடிப்பீங்க? நீங்க என்ன போலீஸா?"

நாலு வயது அப்பா

சதீஷின் சித்தப்பா கட்கியில் இருக்கிறார், ஓய்வுபெற்ற ஃபிட்டர். நான் போனபோது, ஏதோ ஒரு இணையதளத்தில் எடுத்த வம்ச மரத்தை லேமினேட் செய்து சுவரில் மாட்டியிருந்தார். அடியில் கவின். அங்கிருந்து ஏறிக்கொண்டே போனால் உச்சியில் ஒரு மன்னர், கிரீடத்தோடு.

நான் சும்மா இருக்கிற ரகம் இல்லை. நாற்காலி மேல் ஏறி வருஷங்களைக் கூட்டிக் கழித்துப் பார்த்தேன். "சார், இதோ இவர் பிறந்தப்போ இவரோட அப்பாவுக்கு வயசு நாலு" என்றேன். சித்தப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். கொஞ்சமும் அசரவில்லை.

"ராஜா வம்சத்துல அதெல்லாம் சகஜம்மா."

போஹேவும் அவலும்

இந்தக் குடும்பத்தின் ஆட்நாவ், அதாவது பேருக்குப் பின்னால் வருகிற குடும்பப் பெயர், அவல்கர். இந்த ஊரில் அது இல்லாமல் எந்தப் படிவமும் நிரம்பாது. பெருமாள் தெருத்தெருவாக அவல் விற்றார், அதனால் வந்த பேர் என்று சித்தப்பா சொன்னார். அந்த நினைவுக்காக இன்றும் சனிக்கிழமை படையலில் அவல் உண்டு.

நான் கேட்டேன்: "இந்த ஊர்ல அவர் பேரை எழுதி வச்சவர் மராட்டிக்காரர். அவலுக்கு அவர் நாக்குல போஹேன்னுதானே வரும்? அவல்ங்கற வார்த்தையே அவருக்குத் தெரியாதே, சார்!" மராட்டியில் 'கர்' என்று முடிந்தால் பெரும்பாலும் அது ஊர்ப்பெயர். விற்ற பண்டத்தை விட்டுவிட்டு ஊரைத் தேடுங்கள் என்றேன். கூட வந்திருந்த சதீஷ் உடனே ஃபோனைத் தட்டினார். அவலூர் என்று ஒன்றுக்கு மேல் வந்தது. அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தும் விட்டார். காரணத்தையும் சொன்னார்.

"இதுக்குத்தான் மேடம் ஏர்போர்ட் பக்கம்."

ஒன்றிலிருந்து நான்குவரை

அந்தக் காலத்தில் கட்கிக்கு ஆள் சேர்த்த காண்டிராக்டர் யார் என்று விசாரித்து, அவருடைய பேரன் வீட்டைப் பழைய புனேயின் பேட் பகுதியில் கண்டுபிடிக்கவே மூன்று வாரம் ஆனது. கதவில் பலகை: 'ஒன்றிலிருந்து நான்குவரை மணி அடித்தால் திறக்கமாட்டோம். ஏன் என்றும் சொல்லமாட்டோம்.' நான் போனது ஒன்று பத்துக்கு. வாசற்படியிலேயே உட்கார்ந்தேன். நான்கு மணிக்குக் கதவைத் திறந்த அந்தப் பேரன், வயதானவர், இந்த ஊர் வழக்கில் காகா, நான் இன்னும் இருப்பதைப் பார்த்ததும் பரண்மேல் இருந்த பதிவேட்டை அவரே இறக்கிக் கொடுத்தார்.

முழுக்க மோடி எழுத்து. மராட்டியை வேகமாக எழுதப் பயன்பட்ட பழைய எழுத்து அது. பேனாவைத் தூக்காமலே ஓடும், குறில் நெடில் பார்க்காது. ஒரு வருஷம் வகுப்புக்குப் போய்த் தலைவலியோடு கற்றது. ஃபோனில் தட்டினால் வராது, அன்பர்களே! நாற்பதாம் பக்கத்தில் 'பெருமாள் அவல்கர்' இருந்தார், அப்பா பேரோடு. நான் அவரோடு நிற்கவில்லை. ஒருவர் பேரில் எழுதாமல் விட்டது, அவரோடு வந்தவர்கள் பேரில் எழுதியிருக்கும். இந்தத் தொழிலில் முதல் பாடம் அது. அதே நாளில் சேர்ந்த அடுத்த இரண்டு பேர்: 'செஞ்சிகர்', 'வளத்திகர்'. செஞ்சிக்கும் வளத்திக்கும் பக்கத்தில் இருப்பது ஒரே அவலூர்தான், அவலூர்பேட்டை. அதற்குப் பக்கத்தில் ஏர்போர்ட் இல்லை. நான் வாசற்படியிலேயே கைதட்டிவிட்டேன். காகாவுக்கு என் சந்தோஷம் புரியவில்லை.

"இதுல என்ன அதிசயம் பேட்டா? ஊரே இல்லாத மனுஷனுக்கு ஆட்நாவ் எங்கேர்ந்து வரும்?"

ஆள் வைத்து

அவலூர்பேட்டையைச் சுற்றியிருக்கிற கிராமங்களுக்கு ஒவ்வொன்றாக ஃபோன் போட்டேன். ஆறாவது கிராமத்தில் ஒருவர், "வடக்கே வேலைக்குப் போன பெருமாளா? அவர் அண்ணன் வழிதான் நாங்க" என்றார். நான் அதோடு விடவில்லை. பெருமாளின் அப்பா பேரைக் கேட்டேன். பதிவேட்டில் இருந்த அதே பேரை, நான் சொல்லாமலே சொன்னார். அதன் பிறகுதான் தேவிக்குத் தகவல் கொடுத்தேன்.

மே கடைசியில், அந்தப் பங்காளிகளின் குலதெய்வமான பச்சையம்மன் கோயிலில் கவினுக்கு மொட்டை. என்னையும் அழைத்துப் போனார்கள். முடி இறங்கியதும் அவன் தலையைத் தடவிப் பார்த்து, "அம்மா, கேஸ் குட்டே?" என்று மராட்டியில் அழுதான். முடி எங்கே என்று கேட்கிறான் என்று தேவி சொன்னதும் பங்காளிகள் எல்லாரும் சிரித்தார்கள். அவர்களில் மூத்தவர், "இத்தனை வருஷம் கழிச்சு எங்களை எப்படிப்பா கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டார். சித்தப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "எல்லாம் நம்ம இன்டர்நெட்தான்" என்று ஆரம்பித்தார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஆனால் நான் வாயைத் திறப்பதற்குள் தேவி முந்திக்கொண்டார்.

"சும்மா இருங்க மாமா! ஆள் வச்சுக் கண்டுபிடிச்சோம். படிச்ச ஆளு. இதோ நிக்குதே, இந்தப் பொண்ணுதான்."

ஊரார் வீட்டுக் கொள்ளுத்தாத்தாவை எல்லாம் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டேன். இது ஒரு வேலைதான் என்பதற்கு ஆதாரம் கேட்கும் என் அப்பாவுக்குக் காட்டத்தான் எந்தப் பதிவேடும் இன்னும் கிடைக்கவில்லை.