காலிக் கட்டத்தில் வந்த பெயர்

நம்பாவிட்டால் போங்கள். எனக்கு நடந்தது இது. பட்டப்பகலில், இருபது பேர் இருந்த அறையில்.

மலை சரிந்து இரண்டாம் நாள். பள்ளிக்கூடம்தான் கட்டுப்பாட்டு அறை. முகாமில் இருப்பவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள், பிணவறைக்கு வந்தவர்கள் என எல்லாரும் ஒரே டேட்டாபேஸில். பெயர், வீட்டுப் பெயர், இடம் என்று மூன்று கட்டங்கள். வீட்டுப் பெயர் சொல்லாமல் எங்கள் ஊரில் ஆளைக் கண்டுபிடிக்க முடியாது. மூன்றையும் ஒரே வரியாகச் சேர்த்துப் பட்டியல் எடுத்துச் சுவரில் ஒட்டுவது என் வேலை. அதற்கான குவெரியை, அதாவது டேட்டாபேஸுக்குக் கொடுக்கும் கட்டளையை, அவசரத்தில் எழுதியிருந்தேன்.

ஒவ்வொரு பட்டியலிலும் நான் தேடியது இரண்டே பேரைத்தான். என் அக்கா ஷைனி, புல்லாங்குந்நேல் வீடு. அவள் மகள் நீது, நாலு வயது. இருவரும் இல்லை. ஆறு மணிக்குத் தேடலை நிறுத்திவிடுவார்கள்.

மணி 4.10. பிரிண்டர் கர்ர்... என்றது. கடைசி வரி:

ஷைனி, புல்லாங்குந்நேல், பால் சொசைட்டி.

"சஜிதா! சேச்சி கிடைச்சாச்சு!"

பக்கத்து மேசை சஜிதா கம்ப்யூட்டரில் தேடினாள். முகம் மாறியது.

"ஜினு சேட்டா... புல்லாங்குந்நேல்னு ஒரு வீடே இதுல ஏறல. நீங்களா டைப் பண்ணீங்களா?"

"பைத்தியமா எனக்கு? இன்னொரு தடவை போடு."

4.14. அதே வரி. காகிதம் ஈரமாக இருந்தது. தொட்டேன். விரலில் சேறு...

ஓடினேன். தேடும் குழுத் தலைவர் வர்க்கிச் சாரின் காலில் விழுந்து, பால் சொசைட்டியில் தோண்டச் சொன்னேன்.

"மோனே, அங்க பத்தடி சேறு. காலையிலயே நாய் விட்டுப் பார்த்தாச்சு."

"ஒரே ஒரு தடவை, சாரே."

"யாருடா சொன்னது?"

காகிதத்தை நீட்டினேன். வாங்கிப் படித்தார். பிறகு ஜேசிபியைக் கூப்பிட்டார்.

5.35.

டங்...

கவிழ்ந்து கிடந்த பால் தொட்டி. தூக்கினார்கள்.

நீது. உயிரோடு.

அக்கா இல்லை.

"அம்ம எங்கடீ?"

"பேரு சொல்லிட்டு வரேன்னு இப்பத்தான் போச்சு, மாமா."

மறுநாள் காலைதான் என் முட்டாள்தனம் தெரிந்தது. மூன்றில் ஒரு கட்டம் காலியாக இருந்தாலும், சேர்த்த வரி முழுவதும் காணாமல் போய்விடும். காலிக் கட்டத்துக்குத் ‘தெரியவில்லை’ என்று போட்டு மறுபடி ஓட்டினேன். ஷைனி வரி இல்லை. அதுவரை வராத ஒரு வரி வந்தது:

தெரியவில்லை, தெரியவில்லை, பிணவறை.

அந்தப் பதிவைத் திறந்தேன்: பெண், வயது முப்பது இருக்கும், ஆற்றில் எடுத்தது. பதிந்த நேரம்... முந்தைய நாள் காலை 9.05.

போனேன். அக்காதான்.

நர்ஸ் அவள் வலது கையைக் காட்டினாள்.

"நேத்து காலையில நான்தான் கழுவிவிட்டேன். அப்ப இது இல்ல."

ஐந்து விரல் நுனியிலும் பிரிண்டர் மை.