பாடிக் காட்ட முடியாத சத்தம்

எங்கள் காரில் என்ன சத்தம் வந்தாலும் என் கணவர் அதைப் பாடிக் காட்டுவார். ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பட்டறை. அங்கே மெக்கானிக் முன்னால் நின்று, தொடையில் தாளம் போட்டபடி 'ம்ம்ம்' என்று தாழ்வாக இழுத்தால் சக்கரத்தில் பேரிங் போயிருக்கும். அந்த மனிதரும் இவர் பாடுவதைக் கேட்டே பாதி வேலையை முடித்துவிடுவார். 'பாட்டு சார்' என்றுதான் கூப்பிடுவார்.

மயிலாப்பூரில் எங்கள் வீட்டு மாடியில் சாயங்காலம் பன்னிரண்டு பிள்ளைகள் இவரிடம் பாட்டு கற்கிறார்கள். அந்தக் காதை நம்பித்தான் அனுப்புகிறார்கள். அதே காதால்தான் என் வாயை அடைத்தார். கல்யாணமாகி வந்த முதல் கொலு. மாமிகள் முன்னால் நான் பாடிக்கொண்டிருந்தபோது பாதியில் கையைக் காட்டி நிறுத்தினார். "ஸ்ருதி சேரலை. நீ போய் சுண்டலைக் கொடு" என்றார். மாமிகள் சிரித்தார்கள். அதற்கப்புறம் இருபத்தாறு கொலு வைத்தாகிவிட்டது. எல்லாவற்றிலும் நான் சுண்டல்தான் கொடுத்தேன்.

போன வருஷம் ஒருநாள் மந்தைவெளி சிக்னலில் கார் கிளம்பும்போது கீச்சென்று ஓர் அலறல். எனக்குப் பல் கூசியது. பக்கத்து ஆட்டோக்காரர் தலையை நீட்டி, "இன்னா சார், வண்டி இப்டி கத்துது?" என்றார். இவர் நிதானமாகக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, "என்னவாம் அவனுக்கு?" என்று என்னைக் கேட்டார்.

முகத்தைப் பார்த்தேன். நடிப்பில்லை. அந்த அலறல் இவர் காதில் விழவே இல்லை. ஐயோ பாவம் என்று தோன்றியிருக்க வேண்டும். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எழுத உட்கார்ந்த பிறகு அதை மறைப்பானேன்?

மறுநாளே நான்தான் இவரைப் பட்டறைக்குக் கிளப்பினேன். "வண்டி ரொம்பக் கத்தறது, மெக்கானிக்கிட்ட நீங்களே பாடிக் காட்டுங்கோ" என்று சொல்லித்தான் அழைத்துப் போனேன்.

"பாட்டு சார், எடுத்து வுடுங்க" என்று மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். இவர் என்னைப் பார்த்தார். நான் கைப்பையில் எதையோ தேடினேன். கடைசியில் குத்துமதிப்பாக 'ம்ம்ம்' என்று தாழ்வாக இழுத்தார். மெக்கானிக் வண்டியைக் கிளப்பிய வேகத்தில் காதைப் பொத்திக்கொண்டார். "இன்னா சார், பெல்ட்டு கீச்சுனு கத்திக்கினு கீது, நீங்க இன்னாவோ மொனவுறீங்களே!"

அரைமணியில் புது பெல்ட் போட்டாயிற்று. அத்தோடு விட்டிருக்கலாம். கிண்டி தாண்டும்போது, சத்தமே இல்லாமல் ஓடிய காரில், "ஏன்னா, இன்னும் கத்தறதே?" என்றேன்.

"ஆமாம், லேசா."

"எந்த ஸ்வரம்?"

யோசித்தார். "மேல் நிஷாதம்."

"வண்டியைத் திருப்புங்கோ. அவன்கிட்ட பாடிக் காட்டுங்கோ."

திருப்பினார். இல்லாத அந்தச் சத்தத்தை, கண்ணை மூடி, கழுத்து நரம்பு புடைக்க மெக்கானிக்குக்குப் பாடிக் காட்டினார். மெக்கானிக் பானெட்டைத் திறந்து, குனிந்து, ரொம்ப நேரம் கேட்டார். "ஒண்ணியும் இல்லியே மேடம்?"

"எனக்கும் கேக்கலை. அவருக்குத்தான் கேக்கறதாம்" என்று சிரித்தேன்.

மெக்கானிக் இவரையே பார்த்தார். பிறகு கிட்டே வந்து, காதருகே குனிந்து, ஒவ்வொரு சொல்லாக உரக்கச் சொன்னார்: "சார்! வண்டி! நல்லா கீது!" பட்டறையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

வீட்டு வாசலில் காரை நிறுத்தியும் இவர் இறங்கவில்லை. "கொழந்தைகள் ஆத்துல யார்கிட்டயும் சொல்லிடாதே. கிளாஸ் நின்னுடும்" என்றார். நான் இறங்கிக் கதவைச் சாத்தினேன்.

அந்த வெள்ளிக்கிழமை விளக்கேற்றியதும், முதல் கொலுவில் பாதியில் நின்ற பாட்டைக் கூடத்தில் உட்கார்ந்து முழுசாகப் பாடினேன். விளையாட்டுக்கு அல்ல, உயிரைக் கொடுத்துப் பாடினேன். எதிரே நாற்காலியில் இவர் அசையாமல் இருந்தார். முடித்ததும், "பிரமாதம். ஸ்ருதி அப்படியே சேர்ந்துடுத்து" என்றார்.

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இத்தனை வருஷமும் காத்திருந்தேன். நிஜமாகவே சேர்ந்ததா என்று கேட்க வாயெடுத்தேன். இவர் பயத்தோடு என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.