ஐம்பதாம் பக்கத்துப் பொத்தான்

என் மனைவிக்குப் பேய்க்கதை என்றால் உயிர். எனக்கோ அதைக் கேட்டால் உயிர் போய்விடும். எங்களுக்குப் பொருத்தம் பார்த்துக் கட்டி வைத்தவர்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

நான் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்டுக்கு அடியில் ஒரு குழி இருக்கும், நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். எண்ணெய்ப் பிசுக்கும் இருட்டும் எலி நாற்றமுமாக இருக்கும். வாரத்தில் பாதி நாள் எனக்கு அங்கேதான் வேலை. முந்தின சாயங்காலம் அவள் வாசித்துக் காட்டிய கதையில் கிணற்றுக்குள்ளிருந்து ஒரு கை வந்திருக்கும். மறுநாள் நான் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு குழிக்குள் இறங்கும்போது அந்தக் கையும் கூடவே இறங்கும். வீட்டுக்கு வந்து சண்டை பிடித்தால், "உங்கள யாரு கேக்கச் சொன்னா? காதப் பொத்திக்கிறதுதானே" என்பாள். பொத்திக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பேன். முக்கியமான இடம் வரும்போது கை தானாக விலகிவிடும், அதற்கு நான் என்ன செய்வது?

அவள் ஆஸ்பத்திரித் தையல் அறையில் வேலை பார்த்தவள். கிழிந்த விரிப்பு, தலையணை உறை, நோயாளிகள் போடும் அங்கி எல்லாம் அவள் மிஷினுக்குத்தான் வரும். அங்கிகளுக்குப் பொத்தான் தைத்துத் தைத்தே விரல் காய்த்துப்போயிற்று. முப்பது வயது வரை புத்தகத்தைக் கண்டாலே காத தூரம் ஓடுவாள். பள்ளிக்கூடத்தில் பாடம் முடிந்ததும் டீச்சர் எழுப்பி நிறுத்திக் கேள்வி கேட்பாராம். இவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும், வகுப்பே சிரிக்கும். புத்தகத்தைத் திறந்தால் யாராவது கேள்வி கேட்பார்கள் என்பது மட்டும்தான் அவள் படிப்பிலிருந்து கற்றுக்கொண்டது.

ஆஸ்பத்திரி பஸ் நிறுத்தத்துக்கு எதிரே பொது நூலகம். ஒருநாள் மழைக்கு அங்கே ஒதுங்கினாள். கதவோரம் ஒரு அலமாரி, அதன் தலையில் ஒரு அட்டை: 'பயந்த சுபாவம் உள்ளவர்கள் தொட வேண்டாம்.' எல்லாம் அந்த நூலகர் அம்மாவின் வேலை. எடுத்துப் படியுங்கள் என்றால் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், தொடாதே என்றால் கை ஊறும் என்று அவருக்குத் தெரியும். அந்த அலமாரி எப்போதும் பாதி காலியாகவே இருக்கும். இவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

"எடுத்துட்டுப் போங்களேன்" என்றாராம் நூலகர்.

"படிச்சு முடிச்சா ஏதாவது கேப்பீங்களா?"

"எதுக்குங்க கேக்கணும்? பிடிக்கலைன்னா பாதியிலயே கொண்டாந்து போட்டுடுங்க. இங்க யாரும் யாரையும் ஒண்ணும் கேக்க மாட்டோம்."

அன்றைக்கு வீட்டுக்கு வந்த புத்தகம் இரண்டே நாளில் திரும்பிப் போனது. அதற்குப் பின் எங்கள் வீட்டில் நிம்மதி இல்லை. மாதக் கடைசிச் சனிக்கிழமை சாயங்காலம் நூலகத்தில் பாதி விளக்கை அணைத்துவிட்டு ஒருவர் கதை வாசிக்க, மற்றவர்கள் உட்கார்ந்து நடுங்குவார்கள். வேலை முடிந்த நர்சுகள், பஸ் டிரைவர்கள், தபால்காரர், பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மாக்கள் என்று கூட்டம் நெரியும். அங்கே போவதற்கு முன் புத்தகத்தைக் கையால் தொடாதவர்கள் பாதிப் பேர். வகுப்பில் வாய் திறக்காத என் மனைவிதான் அங்கே வாசிப்பதில் பெரிய கை. பேய் வரும் இடத்தில் குரலை இறக்கி, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, நிதானமாக ஆரம்பிப்பாள். அந்தத் தண்ணீர் தொண்டையில் இறங்குவதற்குள் எனக்கு ஈரக்குலை நடுங்கிவிடும்.

அந்த நூலகத்தில் வாடிக்கையாக வருபவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. படித்த புத்தகத்தையே மறுபடி எடுத்துவிடாமல் இருக்க, ஏதோ ஒரு பக்கத்தின் அடியில் பென்சிலால் சின்னதாக அடையாளம் போடுவார்கள். தபால்காரருக்கு ஒரு நட்சத்திரம். ஒரு நர்சுக்கு ஒரு மீன். விதிப்படி தப்புதான், நூலகர் கண்டும் காணாமல் இருந்துவிடுவார். என் மனைவியின் அடையாளம் ஐம்பதாம் பக்கத்தில் ஒரு பொத்தான். ஒரு வட்டம், நடுவில் இரண்டு புள்ளி, இரண்டையும் சேர்த்து நூல் ஓடின மாதிரி ஒரு கோடு. ஐம்பது பக்கத்துக்குள் பயமுறுத்தாத புத்தகம் திரும்பிப் போய்விடும். பயமுறுத்தினால் பொத்தான்.

போன வருஷம் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கொஞ்ச நாளில், ஒரு சாயங்காலம் புதிதாக ஒரு புத்தகம் கொண்டுவந்தாள். மொடமொடவென்று புது அட்டை. நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன், அவள் வாசித்தாள். ஆளில்லாத வீடு, மாடியில் யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம். எனக்கு எங்கோ கேட்ட கதை போல இருந்தது. இந்தப் பேய்களுக்கு நாற்காலி இழுப்பதை விட்டால் வேறு பிழைப்பு ஏது என்று நினைத்துக்கொண்டேன். அவளுக்கோ சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "இப்படி ஒரு கதைய நான் படிச்சதே இல்லைங்க" என்று பக்கத்தைப் புரட்டினாள்.

குரல் நின்றது. வழக்கமான தண்ணீர்தான் என்று காதைப் பொத்தினேன். அவள் தண்ணீரை எடுக்கவில்லை. புத்தகத்தை என் பக்கம் திருப்பினாள். ஐம்பதாம் பக்கம். அடியில் பொத்தான்.

"வேற யாராவது போட்டிருப்பாங்க" என்றேன்.

"என் கை எனக்குத் தெரியாதா?"

"அப்ப எப்பவோ படிச்சிருப்ப. பழைய புத்தகத்துக்குப் புது அட்டை போட்டிருக்காங்க. ஆயிரம் கதை படிக்கிறவளுக்கு ஒண்ணு மறக்காதா?"

"ஒரு வரி கூட ஞாபகம் இல்லைங்க. ஒரு வரி கூட." பிறகு ரொம்ப மெதுவாக, "எனக்குப் பயமா இருக்கு" என்றாள்.

அவள் வாயிலிருந்து அந்த வார்த்தையை அதுவரை நான் கேட்டதே இல்லை. அவள் எதை நினைக்கிறாள் என்று தெரியும். அவளுடைய அக்காவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. கடைசி வருஷத்தில் அக்கா இவள் கையைப் பிடித்துக்கொண்டு, "சிஸ்டர், என் தங்கச்சி எப்ப வருவா?" என்று கேட்பாள். இவளும் ஒரு நர்சைப் போலவே, "இப்ப வந்துடுவாங்க" என்று சொல்லிவிட்டு வராந்தாவில் போய் அழுவாள்.

டாக்டரிடம் போனோம். அவளைப் படம் வரையச் சொன்னார், சில சொற்களைச் சொல்லிவிட்டுத் திருப்பிக் கேட்டார். பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்றவள் மாதிரி முழித்தாள். ஆரம்பம்தான் என்றார் டாக்டர். மாத்திரை கொடுத்தால் வேகம் குறையும், ஒரேயடியாக நிற்காது. மனதுக்குப் பிடித்ததைச் செய்யட்டும், படிக்கிறவர் என்றால் படிக்கட்டும் என்றார்.

அவள் படிக்கவில்லை. முதலில் ஐம்பதாம் பக்கத்தைத் திறப்பாள். பொத்தான் இருந்தால் மூடிவிடுவாள். இல்லாவிட்டால், "போட மறந்திருப்பேன்" என்று மூடிவிடுவாள். சனிக்கிழமைக்குக் கூப்பிட்டு ஆள் வந்தது, தலைவலி என்று சொல்லிவிட்டாள். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டே வீடெல்லாம் தேடினால் முன்பெல்லாம் கேலி செய்வேன். இப்போது நானே எழுந்து அதை இறக்கி மூக்கில் மாட்டிவிடுவேன். கேஸை மூடினாளா, பூட்டைப் பூட்டினாளா என்று கண்கொத்திப் பாம்பாக அவள் பின்னாலேயே அலைந்தேன். லிஃப்ட் குழியில் இறங்கினால் இப்போது எந்தக் கையும் வரவில்லை. அக்காவின் குரல்தான் வந்தது. நான் கதவைத் திறக்கும்போது இவள் நிமிர்ந்து பார்த்து, நீங்க யாருங்க என்று கேட்டுவிட்டால் என்ன செய்வேன்? டார்ச்சை அணைத்துவிட்டு அந்த இருட்டிலேயே உட்கார்ந்து அழுதிருக்கிறேன்.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போன அன்று நூலகரிடம் பாய்ந்தேன்.

"இந்த அடையாளக் கூத்த நீங்க அன்னைக்கே நிறுத்தியிருக்கணும் மேடம். அது கண்ணுல படாம இருந்திருந்தா அவ பாட்டுக்குச் சந்தோஷமா படிச்சிட்டிருந்திருப்பா."

அவர் கோபப்படவில்லை. என்னை உட்காரச் சொன்னார். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். ரயில் வர்ற கதை ஒண்ண அவங்க இங்க மூணு சனிக்கிழமை வாசிச்சாங்க. ஒவ்வொரு தடவையும், இது புதுக் கதைன்னு சொல்லித்தான் ஆரம்பிச்சாங்க."

மூன்றில் ஒரு தடவை நானும் அங்கே உட்கார்ந்து காதைப் பொத்தியிருக்கிறேன். மற்ற இரண்டு தடவை குழியில் வேலை. "யாரும் ஒண்ணும் சொல்லலையா?"

"மூணாவது தடவை தபால்காரர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். அவ்வளவுதான். ரயில் வர்ற இடத்துல எல்லாரும் நடுங்கினாங்க. நடிக்கலீங்க, நிஜமாவே நடுங்கினோம். அப்படி வாசிச்சாங்க. முதல் நாளே அவங்ககிட்ட சொல்லியிருக்கேன், இங்க யாரும் யாரையும் ஒண்ணும் கேக்க மாட்டோம்னு."

மேசை மேலிருந்த புத்தகத்தில் ஐம்பதாம் பக்கத்தைத் திறந்தேன். அப்புறம், "ரப்பர் இருக்கா மேடம்?" என்று கேட்டேன்.

வேலை முடிந்து வரும் வழியில் தினமும் அங்கே இறங்கினேன். சிறுவர் பகுதியில் முழங்கால் மோவாயை முட்டும் ஒரு குட்டி நாற்காலிதான் காலியாக இருக்கும். அதில் உட்கார்ந்து ஐம்பதாம் பக்கமாகத் திறந்து பொத்தான்களை அழித்தேன். ஆயுசில் ஒரு புத்தகம் கூட முழுதாகப் படிக்காதவன் அந்த அலமாரி முழுவதையும் ஒரு பக்கமாவது பார்த்துவிட்டேன். மனசு உறுத்தியது. அவள் வாழ்ந்ததற்கு அவள் கையாலேயே போட்ட அடையாளங்களை நானே துடைத்துக்கொண்டிருக்கிறேனே என்று இருந்தது. ஆனாலும் அழித்தேன். தபால்காரர் ஒருநாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார், ஒன்றும் கேட்காமல் இரண்டு புத்தகத்தை இழுத்துக்கொண்டார்.

பிறகு நாற்காலிக் கதையை வீட்டுக்குக் கொண்டுபோனேன். "புதுசா வந்திருக்காம். பயமா இருக்கும்கிறாங்க."

அவள் ஐம்பதாம் பக்கத்தைத் திறந்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். மூடுவாள் என்று நினைத்தேன். மூடவில்லை, முதல் பக்கத்துக்குப் போனாள். "காதப் பொத்திக்கிறதுன்னா இப்பவே பொத்திக்குங்க" என்று ஆரம்பித்தாள். அதே ஆளில்லாத வீடு. மாடியில் அதே நாற்காலி. நாற்காலியை இழுப்பது யாரென்று இதுவரை எனக்குத் தெரியாது, போன தடவை அங்கேதான் நின்றுபோயிற்று. ஆனால் என் பயம் அந்த மாடியில் இல்லை. நாற்பத்தெட்டு, நாற்பத்தொன்பது என்று பக்கம் புரளப் புரள நான் எண்ணிக்கொண்டே இருந்தேன்.

ஐம்பது வந்தது. வாசிப்பதை நிறுத்தினாள். தண்ணீரை எடுக்கவில்லை. அந்தக் காய்த்த விரலால் பக்கத்தின் அடியை மெதுவாகத் தடவினாள். வாழ்நாளெல்லாம் துணியைத் தடவியே தையலைக் கண்டுபிடித்த விரல் அது. கையும் களவுமாக அகப்பட்ட திருடனாக நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஏங்க."

"என்னம்மா?"

"இவ்ளோ அழுத்தி அழிச்சா பேப்பர் கிழிஞ்சிடும். மெல்ல அழிங்க. நூலகப் புத்தகம்."

அவள் மேசையிலிருந்த பென்சிலை எடுத்து, தேய்ந்துபோன அதே இடத்தில், வட்டம் போட்டாள், இரண்டு புள்ளி வைத்தாள், கோட்டை இழுத்தாள். பென்சிலை என் கையில் கொடுத்துவிட்டு ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். நான் காதைப் பொத்தவில்லை.