கோமதி மாமியின் பாடம்

கரமனை ஆற்றில் குளித்து முடித்து இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தேன். படித்துறையிலிருந்து கணபதி ஐயர் கூப்பிட்டுச் சொன்னார்: "கேட்டேளா, கோமதி மாமி போயிட்டா. பொன்முடியிலே, பொண்ணோட வீட்டிலே வச்சாக்கும். முந்தாநாள் காலம்பற." மாமிக்கும் எனக்கும் உறவு ஒன்றும் கிடையாது. சாஸ்திரப்படி எனக்குத் தீட்டு இல்லை. அது எனக்கு நன்றாகவே தெரியும். இருந்தும் இன்னொரு முறை முழுகி எழுந்தேன். நிமிர்ந்து பார்த்தால், கணபதி ஐயரும் கட்டிய வேட்டியோடு தண்ணீரில் இறங்கிக்கொண்டிருந்தார்.

மாமியின் கையால் சாப்பிட்டவர்கள் இன்று பல ஊர்களில் இருக்கிறார்கள். சர்க்கார் கச்சேரிக் குமாஸ்தாக்கள், பள்ளிக்கூட வாத்தியார்கள், ஒரு வக்கீல். கல்யாணமாகாத எங்களுக்கெல்லாம் கரமனை அக்ரகாரத்தில் மாமியின் வீடுதான் சாப்பாட்டு இடம். அவருடைய கணவர் கோவில் மடைப்பள்ளியில் வேலை பார்த்து, இளம் வயதிலேயே இறந்துபோனவர். ஒரே மகள் பார்வதி. மாப்பிள்ளைக்குப் பொன்முடித் தேயிலைத் தோட்டத்தில் ஆபீஸ் வேலை. யுத்தகாலத்தில் அரிசி ரேஷனுக்கு வந்த பிறகுதான் மாமி அடுப்பை அணைத்துவிட்டு மகளிடம் போனார்.

நான் அவர் வீட்டில் சாப்பிட்ட நாட்களில், அரசாங்கச் சுவடிக் கூடத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தேன். ஒரே நூலின் நாலைந்து ஏட்டுப் பிரதிகளை வைத்துக்கொண்டு, எது சரியான பாடம், எது எழுதினவன் செய்த பிழை என்று குறிப்பது என் வேலை. நாள் முழுக்கப் பிழை தேடுகிறவனுக்கு, வேலை முடிந்த பிறகும் அந்தப் பழக்கம் போவதில்லை.

மாதப் பிறப்பன்று மாமி பாயசம் வைப்பார். உருளியைக் கிண்டிக்கொண்டே பத்மநாபஸ்வாமி மேல் ஒரு தோத்திரம் பாடுவார். புதுப் பெண்ணாக இங்கே வந்தபோது, ஆற்றங்கரையில் துணி துவைத்த பெண்கள் பாடக் கேட்டது. மாமிக்கு சமஸ்கிருதம் தெரியாது. அதில் "வந்தே பாயசமன்னம் தேவம்" என்று ஒரு வரி. பாயசமாகவும் அன்னமாகவும் இருக்கிற தெய்வத்தை வணங்குகிறேன் என்று மாமி அதற்குப் பொருள் வைத்திருந்தார். அந்த இடம் வரும்போது அவர் குரல் இளகிவிடும். இலை முன் உட்கார்ந்திருக்கும் நாங்கள் பேச்சை நிறுத்திவிடுவோம், கோவில் பக்கமே போகாத கணபதி ஐயர் உட்பட.

ஆவணியில், ஒரு சிங்கமாதப் பிறப்பன்று நான் இலையில் இருந்தபடியே சொன்னேன்: "மாமி, அது பாயசமன்னம் இல்லை. பவபயசமனம். வந்தே பவபயசமனம் தேவம். பிறவிப் பயத்தைத் தணிக்கிற தேவனை வணங்கறேன்னு அர்த்தம்."

மாமி கரண்டியோடு திரும்பினார். "அப்போ அதிலே பாயசம் இல்லையா?"

"பாயசமும் இல்லை, அன்னமும் இல்லை."

எல்லோரும் சிரித்தார்கள். மாமியும் சிரித்தார். "இத்தனை வருஷமா ஸ்வாமியைக் கிண்டிக் கிண்டித் தின்னுண்டிருந்தேனாக்கும்" என்றார். எனக்கு அன்று பெருமையாகக்கூட இருந்தது.

அடுத்த மாதப் பிறப்புக்கு மாமி அந்த வரியைத் திருத்தமாகப் பாடினார். ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை. அதற்கு அடுத்த மாதம் பாடவில்லை. அதற்கு அடுத்த மாதமும் இல்லை. பாயசம் மட்டும் எப்போதும்போல இலைக்கு வந்தது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மாமி தனியாக அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு நாள் நான்தான் போய்க் கேட்டேன்.

"பாடினேனே" என்றார் மாமி. "நீங்கோ சொன்ன மாதிரியே பாடினேன். அந்த இடம் வரச்சே எல்லாம் நீங்கோதான் மனசிலே ஓர்மை வரேள், சாஸ்திரிகளே. ஸ்வாமி வரல்லை."

"அப்படியானா பழையபடியே பாடுங்கோ."

"தப்புன்னு மனசிலான அப்புறம் எப்படிப் பாடறது? வாய் வரல்லை."

குரலில் குற்றச்சாட்டு இல்லை. பால் திரிந்துவிட்டது என்று சொல்வதுபோலச் சொன்னார்.

இந்த நாட்டில் வழங்கும் கதைகளில், இப்படியோர் இடத்தில் அசரீரி கேட்கும். படிக்காத பக்தன் சொன்ன தப்பான சொல்லே தனக்குப் பிரியம் என்று பகவானே பேசி, பண்டிதனைத் தலைகுனிய வைப்பார். கரமனையில் ஒன்றும் கேட்கவில்லை. நான் சொன்னது சரி. மாமி பாடிவந்தது தப்பு. பாட்டு நின்றுபோயிற்று. இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எந்த நூலிலும் எழுதியிருக்கவில்லை.

முதலில் இலக்கணத்தைக் கூப்பிட்டேன். "பாயசமன்னம்னு வச்சாலும் வேற்றுமையெல்லாம் சரியா வரது மாமி. அன்னத்தைத் தெய்வம்னு சொல்ற இடம் வேதாந்தத்திலேயே உண்டு."

"பின்னே அன்னிக்கு ஏன் தப்புன்னேள்?"

பிறகு சுவடிக் கூடத்தில் அந்தத் தோத்திரத்தின் பிரதிகளைத் தேடினேன். மூன்று கிடைத்தன. மூன்றிலும் பவபயசமனம்தான். ஒரு பிரதியாவது பிசகியிருக்கக் கூடாதா என்று, என் வாழ்க்கையில் முதல் தடவையாக, பிழைக்காக ஏங்கினேன். கடைசியில் ஒரு நாள் மாமியிடம், "ஒரு ஏட்டிலே பாயசமன்னம்னே இருக்கு" என்று சொல்லியும் விட்டேன்.

மாமி என் முகத்தையே பார்த்தார். "சத்தியமா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"சாஸ்திரிகளுக்குப் பொய் சொல்லத் தெரியல்லை" என்று சிரித்தார். அப்புறம் யோசித்துச் சொன்னார்: "ஒரு காரியம் பண்ணுங்கோ. ஒரு வரிக்கு அர்த்தம் சொல்லி நிறுத்திட்டேளே, அதாக்கும் கஷ்டம். முழுசுக்கும் சொல்லுங்கோ. என்னதான் இருக்குன்னு பார்க்கறேன்."

ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல்களில் உட்கார்ந்தோம். பதம் பிரித்து நான் பொருள் சொல்வேன். மாமி கேட்கும் கேள்விகளுக்கு உரையாசிரியர்கள் எவரும் பதில் எழுதிவைத்திருக்கவில்லை. "பிறவிப் பயம்னா என்ன? பிறக்க எனக்குப் பயமே இருந்ததில்லையே. அரிசி வேகறதுக்குள்ளே மழையிலே விறகு அணைஞ்சுடுமோன்னாக்கும் என் பயம். அதையும் தணிப்பாரா, இல்லை பெரிய பயம் மட்டும்தானா?" இன்னொரு நாள் நான் கேட்டேன், முன்பெல்லாம் அந்த வரியில் அவருக்கு என்ன தெரிந்தது என்று. "ஒண்ணும் தெரியல்லை. பாயசம் அடிபிடிக்காம இருக்கணும்னா கையை எடுக்கப்படாது. கை அங்கேயே இருந்தா மனசும் அங்கேயே இருக்கும். அந்நேரம் ஸ்வாமியும் அங்கே இருந்தார். அவ்வளவுதான்." இதை என் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன். எதற்கு உரையாக என்று தெரியாமல் எழுதினேன். எட்டு சுலோகங்களும் முடிந்தன. பாட்டு மட்டும் திரும்பவில்லை.

அடுத்த வைகாசியில், இடவப்பாதி மழை பிடித்தபோது, பொன்முடியிலிருந்து ஆள் வந்தது. பார்வதிக்கு மலைக்காய்ச்சல், நினைவில்லை. மாமியைத் தனியாக அனுப்ப மனமில்லாமல் நானும் புறப்பட்டேன். மலையடிவாரத்தில் கல்லாற்றை அடைந்தபோது, மேலே பாதை இடிந்து வண்டி போகாது என்றார்கள். மறுநாள் விடிந்ததும் நடந்தோம். வளைவுக்கு மேல் வளைவு. மழை விடவில்லை. காலில் அட்டைகள். மாமி எங்கும் நிற்காமல் ஏறினார். பாதி மலையில், ஓடைத் தண்ணீர் பாதையைக் குறுக்கே அறுத்துக்கொண்டு போன இடத்தில், நின்றுவிட்டார். "நாம போறதுக்குள்ளே அவ இருக்கணுமே" என்றார். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். முழங்கால் தண்ணீரில் இறங்கியபோது மாமி பாடத் தொடங்கினார்.

வந்தே பவபயசமனம் தேவம். அந்த ஒரு வரியைத்தான் திரும்பத் திரும்ப. மழைச் சத்தத்துக்கு மேலே, தொண்டை கிழிய. நான் கற்றுக்கொடுத்த சொற்கள்தான். ஆனால் அதுவரை அந்தச் சொற்களின் பொருள் எனக்குத் தெரிந்திருந்தது என்று சொல்ல இன்று எனக்குத் துணிவில்லை.

பார்வதி பிழைத்துக்கொண்டாள். கொய்னா மருந்தால் என்றார் டாக்டர். மாமி மறுத்துப் பேசவில்லை.

கரமனை திரும்பி, அடுத்த மாதப் பிறப்பன்று நான் இலை முன் உட்கார்ந்திருந்தேன். உள்ளேயிருந்து பாட்டு வந்தது. வந்தே பாயசமன்னம் தேவம்! கணபதி ஐயர் என்னைப் பார்த்தார். நான் சமையலறை வாசலுக்கே போய்விட்டேன்.

"தெரிஞ்சேவா மாமி?"

மாமி கையை எடுக்காமல் சொன்னார்: "ஆத்திலே குழந்தையை நாணுன்னு கூப்பிடறோம். பள்ளிக்கூடத்திலே நாராயணன்னு எழுதிக்கறா. பேர் ரெண்டும் தெரிஞ்சிருக்கறது நல்லதுதான், சாஸ்திரிகளே. மலையிலே நாணுன்னு கூப்பிட்டா கேட்டிருக்குமோ என்னமோ, யார் கண்டா? முழுப் பேரையும் சொல்லிக் கூப்பிட்டேன். நீங்கோ சொல்லித் தந்ததாக்கும் அது." பிறகு, "இலையிலே போய் உட்காருங்கோ" என்றார்.

பக்தி பெரிதா, படிப்பு பெரிதா என்று சபைகளில் விவாதம் நடக்கும்போது என்னையும் பேசக் கூப்பிடுகிறார்கள். நான் எழுந்து இந்தக் கதையைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவேன்.

மாமி போன செய்தி கேட்ட அன்று சாயங்காலம் என் மனைவி விளக்கேற்றிக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். முடிவில் அவள் "ரக்ஷிக்கணும்" என்று சொல்வதில்லை. "லக்ஷிக்கணும்" என்பாள். கல்யாணமான புதிதில் இரண்டு தடவை திருத்தினேன். அவள் மாற்றிக்கொள்ளவில்லை. நானும் விட்டுவிட்டேன். ஏன் அப்படிச் சொல்கிறாய் என்று மட்டும் கேட்டதே இல்லை. அன்று கேட்டேன்.

"என் தங்கை அப்படித்தான் சொல்லுவள்" என்றாள். "அவளுக்கு ர வராது. ரெண்டு பேரும் சேர்ந்துதான் விளக்குக்கு முன்னாலே நிற்போம்."

அவளுக்கு ஒரு தங்கை இருந்து, நாலு வயதில் இறந்துபோனது எனக்குத் தெரியும். அதற்குமேல் ஒன்றும் தெரியாது. ஏன் அப்படிச் சொல்கிறீர்கள் என்பதுதான் கோமதி மாமியிடம் நான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. மாமியிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பதும் அது ஒன்றுதான். அன்று விளக்கடியில் உட்கார்ந்து, அந்தக் குழந்தையின் பெயரை என் மனைவியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.