தந்தை: இல்லை

சித்தப்பா வீட்டை விட்டுப் போனது ஒரு புதன்கிழமை, காலை ஆறே முக்காலுக்கு. நீலச் சட்டை. செருப்பை மாட்டிக்கொண்டே "வரேன்" என்றாராம். சித்தி அடுப்பைப் பார்த்தபடி "ம்" என்றாளாம். அந்தச் சட்டையைத் தேய்க்கும்போது பையில் ஒன்றுமே இல்லை என்பதை அவள் பிறகு நூறு தடவை சொல்லியிருக்கிறாள். "துண்டுச் சீட்டு இல்லாம அந்த மனுஷன் பை இருந்ததே இல்லடி. அன்னைக்கே எனக்குப் பொறி தட்டியிருக்கணும்."

பை பார்ப்பதுதான் சித்தியின் வேலை. ஒரு சலவை நிலையத்தில், துணிகள் இயந்திரத்துக்குள் போகுமுன் ஒவ்வொரு பையையும் வெளியே இழுத்துப் பார்ப்பாள். கிடைத்ததைச் சிறு உறையில் போட்டு, துணியின் எண்ணை மேலே எழுதி, உரியவரிடம் சேர்த்துவிடுவாள். பதினெட்டு வருடத்தில் ஒரு பொத்தான்கூடத் தொலைந்ததில்லை. ஆட்கள் சொல்வதை அவள் நம்புவதில்லை. பை சொல்வதைத்தான் நம்புவாள். எட்டு வருடம் ஊர் ஊராகத் திரிந்துவிட்டு நான் அவள் வீட்டில் வந்து இறங்கியபோதும் முதலில் என் மேல்சட்டையைத்தான் வாங்கிக்கொண்டாள். மறுநாள் தலையணை மேல் ஓர் உறை கிடந்தது. உள்ளே ஏழு பயணச்சீட்டுகள். "எல்லாமே போற சீட்டா இருக்கு. திரும்புற சீட்டு ஒண்ணுகூட இல்லையே," என்றாள். நான் சிரித்து மழுப்பினேன்.

அவள் மகளை வீட்டில் வக்கீல் என்றுதான் கூப்பிடுவோம். எதற்கும் எதிர்க்கேள்வி போடுவாள். அந்த வருடம் அவளுக்குக் கட்டடப் பொறியியலில் இடம் கிடைத்திருந்தது. உதவித்தொகை வந்தால் கல்லூரி. வராவிட்டால் அம்மாவுக்குப் பக்கத்து மேசையில் நின்று பை பார்க்க வேண்டியதுதான்.

விண்ணப்பம் பதினோரு பக்கம். எத்தனை அறை, யார் யார், யாருக்கு என்ன வேலை என்று அது கேட்டுக்கொண்டே போனது. சித்திக்குப் பிடிக்கவில்லை. "சும்மா குடுக்கிறவன் எதுக்கு இவ்வளவு கேக்கிறான்? திருடன்கூட இத்தனை விசாரிச்சுட்டு வரமாட்டான்." வக்கீல் கட்டம் கட்டமாக வாசிக்க, அவள் முனகிக்கொண்டே பதில் சொன்னாள். 'தந்தை' என்ற கட்டம் வந்ததும் எழுந்துபோய் அடுப்பைத் தணித்துவிட்டு வந்தாள். பிறகு, "இல்லைன்னு போடு," என்றாள்.

மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. தந்தையின் இறப்புச் சான்றிதழை மாதக் கடைசிக்குள் இணைக்க வேண்டும். தவறினால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும்.

"யாரு செத்தது?" என்றாள் சித்தி.

மூவரும் கல்லூரி அலுவலகத்துக்குப் போனோம். கவுண்டரில் இருந்தவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு எங்களைப் பார்த்தார்.

"தந்தை இல்லைன்னு எழுதியிருக்கீங்களே, எப்பம்மா இறந்தாரு?"

"வாயைக் கழுவுங்க சார்."

"அப்ப இருக்காரா?"

"இருந்தா நான் ஏன் இல்லைங்கப் போறேன்?"

வரிசையில் பின்னால் நின்றவர்கள் ஓரடி நெருங்கி வந்தார்கள். அவர் குரல் மாறிவிட்டது. சம்பாதிக்கிற அப்பாவை ஒளித்துவைத்துக்கொண்டு விண்ணப்பிக்கிறவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறாராம். கணவர் எந்தத் தேதியில் போனார் என்பதையும் அதன்பின் தொடர்பே இல்லை என்பதையும் சித்தி கைப்பட எழுதித் தர வேண்டும். சாட்சி ஒருவர் கையெழுத்திட வேண்டும். பின்னால் ஏதாவது தகவல் வந்தால் உடனே தெரிவிக்க வேண்டும்.

சித்தி எழுத மறுத்துவிட்டாள். சித்தப்பாவுக்கு வெளியூரில் வேலை என்றுதான் ஆறு வருடமாகத் தெருவில் சொல்லிவைத்திருந்தாள். "வரேன்னுதானே சொல்லிட்டுப் போனார். போய்ட்டார்னு நான் எப்படி எழுதுறது?"

மாதம் முடிய நான்கு நாள் இருந்தது. வக்கீல் கேட்டேவிட்டாள். "அம்மா, அவர் உனக்கு போன் பண்றாரா?"

எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. சித்தி போனை எடுத்துக்கொண்டு குளியலறைப் பக்கம் ஒதுங்குவதை இரண்டு முறை பார்த்திருந்தேன்.

 சித்தி தன் கைப்பையை எடுத்து, வேலையில் செய்வதுபோலவே உட்புறம் வெளியே வரும்படி மேசை மேல் கவிழ்த்தாள். சாவி, இரண்டு ஊக்கு, பாதி மாத்திரை அட்டை, போன். "பார்த்துக்கோ."

வக்கீல் போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். ஒவ்வொரு புதன்கிழமையும் ஒரே எண்ணுக்கு ஓர் அழைப்பு போயிருந்தது. அங்கிருந்து ஒன்றுகூட வரவில்லை. அந்த எண்ணை அழுத்திக் காதில் வைத்தவள், உடனே எடுத்துவிட்டாள். அப்படி ஓர் எண்ணே உபயோகத்தில் இல்லை என்று எனக்கும் கேட்டது.

"பேனா குடு," என்றாள் சித்தி.

உறை மேல் எழுதுகிற மாதிரியே எழுதினாள்: 'புதன்கிழமை. நீலச் சட்டை. பையில் ஒன்றும் இல்லை. அதன்பின் தகவல் இல்லை.' மேலே தேதி, கீழே கையெழுத்து. சாட்சிக்கு நான். கவுண்டர்காரர் என் நிரந்தர முகவரியைக் கேட்டார். நான் விழித்ததும் என்னையும் சந்தேகப்பட்டார். ஆனாலும் முத்திரை குத்தினார். வக்கீல் கல்லூரியில் சேர்ந்தாள்.

மூன்றாம் வருடம், உதவித்தொகையைப் புதுப்பிக்கிற வாரத்தில், தெரியாத எண்ணிலிருந்து சித்தியின் போனுக்கு ஒரு செய்தி வந்தது. அவள் அதை என்னிடம் காட்டினாள். "இது வர்றப்ப சொல்றதா, போறப்ப சொல்றதாடி?"  யாரிடமும் சொல்ல வேண்டாம், உதவித்தொகை நின்றுவிடும் என்று வக்கீல் கெஞ்சினாள். சித்தி கேட்கவில்லை. மறுநாள் போனை ஓர் உறையில் போட்டு, மேலே விண்ணப்ப எண்ணை எழுதி, சாப்பாட்டு இடைவேளையில் கவுண்டருக்குக் கொண்டுபோனாள்; நானும் கூடப் போனேன்.

அதே மனிதர். உறையைப் பிரித்துப் படித்தார்.

"வந்துட்டாராம்மா?"

"இல்லை."

இந்த முறை அவர் சான்றிதழ் கேட்கவில்லை. கண்ணாடியை இறக்கிக்கொண்டு இன்னொரு தடவை படித்தார். புதுப்பிக்கிற படிவத்தில் முத்திரையைக் குத்திவிட்டுப் போனை மறுபடி உறைக்குள் போட்டுக் கொடுத்தார். திரை இன்னும் அணையவில்லை.

'நல்லா இருக்கீங்களா. வரேன்.'